ஆறு உறைவதற்குள்

அந்த வருஷம் செப்டம்பர் நடுப்பகுதியில் எங்கள் வீட்டு வாசல் மேப்பிள் மரத்தில் ஒரேயொரு கிளை மட்டும் சிவந்தது. மற்றக் கிளைகள் எல்லாம் பச்சையாக நிற்க, அது மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு வந்தது. நாயோடு நடக்க வந்த பக்கத்து வீட்டுக் கிழவர் அண்ணாந்து பார்த்து, எவ்வளவு அழகு என்று பிரெஞ்சில் சொன்னார். எனக்கு வந்த விசருக்கு ஏணியை வைத்து அந்தக் கிளையை வெட்டி எறிந்திருப்பேன். எங்கள் கராஜில், ஒரு சுவர்த்தட்டில், பெட்டிக்குள் என் அண்ணையின் சாம்பல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவருடைய மகன் விசா எடுத்து வந்து அதை இங்கே ஆற்றில் கரைக்க வேண்டும். ஆறு உறைவதற்குள் கரைக்க வேண்டும். இதில் அழகாம், அழகு!

பியர்பொன்ட்ஸ் என்கிற இந்தக் குளிர் ஊருக்கு வந்து இவ்வளவு காலத்தில் நான் ஒரு மரத்தையும் நின்று பார்த்தது கிடையாது. இருட்டோடு காரை எடுத்து, இருட்டோடு வந்து விடுகிற சீவியம். இலை விழுந்தால் கூட்டுவேன், பனி விழுந்தால் தள்ளுவேன், இரண்டுக்கும் முதுகும் நாரியும் ஒரே மாதிரித்தான் நோகும். குளிர்காலம் வருகிறதென்றால் டயர் மாற்ற வேண்டும், அதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் இருந்ததில்லை. அந்த வருஷம்தான் ஒவ்வொரு இலையையும் எதிரியைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

அண்ணை எனக்கு முன்னமே இங்கே வந்தவர். மகனைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவர். கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, அதற்குக் கிட்டவே ஒரு அறை. அகதிக் கேஸ் இழுபட்டு, விழுந்து, எழும்பி, ஒரு வழியாகப் பேப்பர் கையில் வந்தபோது மகனுக்கு வயது கூடிவிட்டது. தகப்பன் கூப்பிடக்கூடிய பிள்ளை அவன் இல்லை என்றார்கள். அவனைத் தனிய விட்டுவிட்டு நான் என்னண்டு வாறது என்று அண்ணியும் அங்கேயே நின்றுவிட்டார். சாண் ஏற முழம் சறுக்கும் என்பார்கள். அண்ணைக்குச் சாண்கூட ஏறக் கிடைக்கவில்லை. பேப்பர் வந்தபிறகு முதல் தரம் ஊருக்குப் போனபோது, விமான நிலையத்தில் மகன் தன்னைத் தாண்டிப் போய்ப் பின்னால் வந்த வேறொருவருக்குக் கைகாட்டினான் என்று வந்து சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஈரலில் வந்த வருத்தம் ஒரு கோடைக்குள் அவரை முடித்துவிட்டது. கடைசிக் கிழமைகளில், தான் கூட்டித் துடைத்த அதே ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். ஒருநாள் என் கையைப் பிடித்தார்.

"டேய், என்னைக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோகாதை. இஞ்சை ஆத்திலை விடு."

"ஏன் அண்ணை இப்ப உந்தக் கதை?"

"அவன் வரட்டும். வந்து தன்ரை கையாலை கரைக்கட்டும். நான் இவ்வளவு காலமும் எங்கை கிடந்தனான் எண்டு ஒருக்கா வந்து பாக்கட்டும். உயிரோடை இருந்து கூப்பிட ஏலாமல் போச்சு. செத்தாலாவது விசா குடுப்பாங்களோ எண்டு பாப்பம்."

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார், பெரிய சூழ்ச்சி ஒன்றைக் கண்டுபிடித்தவர் போல. நான் ஓம் என்றேன்.

ஓகஸ்ட் முடிவில், இங்கே பள்ளிக்கூடம் திறந்த கிழமை அண்ணை போனார். கொள்ளி வைக்க வேண்டிய மகன் போன் திரைக்குள் நின்றான். இங்கே கொள்ளி என்பது ஒரு பட்டன். அதை அமத்தியது நான். "சித்தப்பா, அப்பாவின்ரை முகத்தை இன்னொருக்காக் காட்டுங்கோ" என்று அவன் கேட்பதற்குள் சூளையின் இரும்புக் கதவு மூடிவிட்டது. அடுத்த நாள் ஊரிலிருந்து அண்ணி போன் எடுத்தார். "தம்பி, பெத்த தேப்பனுக்கு அவன் ஒண்டும் செய்யேல்லை. சாம்பலை எண்டாலும் அவன் வந்து விடட்டும். அதுவரைக்கும் வைச்சிருங்கோ" என்று அழுதார். நான் வைத்திருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பெடியனும் அந்தக் கிழமையே விசாவுக்குப் போட்டான்.

முப்பத்தோராம் நாள் ஐயரைக் கூப்பிட்டு அந்தியேட்டிக் கிரியை செய்தோம். அன்றைக்கே சாம்பலைக் கரைப்பதுதான் முறை. ஐயர் நிலைமை விளங்கியவர். "மகன் வரட்டும். ஆனா கனக்க இழுக்காதேங்கோ, பேந்து ஆறு இறுகிப்போடும்" என்றார். இந்த ஊரில் சாஸ்திரமும் வானிலை அறிக்கையைக் கேட்டுத்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

சாமிப்படம் இருக்கிற வீட்டுக்குள் சாம்பல் வைக்கக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் பெயிண்ட் வாளிக்கும் குளிர்கால டயர்களுக்கும் நடுவில் கொண்டுபோய் அண்ணையை வைத்தபோது எனக்கு அவளோடு கதைக்கவே பிடிக்கவில்லை. சில நாள் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தோம். பிறகு ஒரு காலையில் கராஜுக்குள் போனால், தட்டில் அவருக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஆவி பறக்க நிற்கிறது. அண்ணைக்குத் தேத்தண்ணீர் இல்லாமல் விடியாது என்பது அவளுக்குத் தெரியும். நான் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில் பெடியன் எடுப்பான். பெடியன் என்று சொல்கிறேனே தவிர, தாடி வைத்த ஆம்பிளை, ஊரில் ஒரு கடையில் போன் திருத்துகிறான். விசாவைப் பற்றி நான் கேட்பேன். ஒன்றும் வரவில்லை என்பான். ஆற்றைப் பற்றி அவன் கேட்பான்.

"ஆறு எப்பிடி இருக்கு சித்தப்பா?"

"ஓடுது."

"உண்மையா முழு ஆறும் இறுகுமோ? அடி வரைக்கும்?"

"அடியிலை ஓடும். மேலைதான் இறுகும். ஆக்கள் மேலாலை நடந்து போவினம். ஓட்டை போட்டு மீன் பிடிப்பினம்."

"சும்மா புளுகாதேங்கோ சித்தப்பா!" என்று சிரிப்பான்.

ஓடுகிற ஆறே இல்லாத ஊரில் வளர்ந்தவனுக்கு உறைந்த ஆற்றை நான் எப்படி விளங்கப்படுத்துவது? குளிர்பெட்டியின் மேல்தட்டைத் திறந்து ஐஸைக் காட்டினேன். அவன் இன்னும் கூடச் சிரித்தான்.

அவனுக்குச் சொல்லவென்றே ஒவ்வொரு ஞாயிறும் ஆற்றடிக்குப் போகத் தொடங்கினேன். ஒக்டோபரில் படகுகளை ஒவ்வொன்றாகக் கரையேற்றி நீலத் தறப்பாளால் மூடினார்கள். மிதக்கும் மரப்பாலங்களைக் கழற்றிப் புல்லில் இழுத்துப் போட்டார்கள். ஆற்றை நம்பிச் சாமான் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைக் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் ஒருவன்தான் இனித்தான் சாமான் இறக்கப் போகிறவன். தலைக்கு மேலே காட்டு வாத்துகள் வரிசை வரிசையாகக் கத்திக்கொண்டு தெற்கே போயின. "போங்கோ, போங்கோ, துலைஞ்சு போங்கோ!" என்று நானும் கத்தினேன். பக்கத்தில் இலைகளைப் படம் எடுத்துக்கொண்டு நின்ற பெண் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள்.

சூரன்போருக்கு டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போனோம். வேட்டிக்கு மேலே ஜக்கெட், ஜக்கெட்டுக்கு மேலே சால்வை, அரோகரா சொல்கிற எல்லார் வாயிலிருந்தும் புகை. வேலை வேண்டும், வீடு வேண்டும் என்று நான் அவனிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்று, முருகா, வேறு ஒன்றும் வேண்டாம், விசா சுணங்கினாலும் பரவாயில்லை, ஆறு இன்னும் கொஞ்சம் பிந்தி இறுகட்டும் என்று மட்டும் கேட்டேன். வெளியே வந்தால் காரின் முன்கண்ணாடி முழுக்கத் தூள் தூளாக உறைபனி. ஸ்கிரேப்பர் இன்னும் காருக்குள் வைக்கவில்லை. கோயில் வாசலில் நின்று வங்கிக் கார்டால் கண்ணாடியைச் சுரண்டினேன்.

குளிர்காலத்துக்கென்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினார்கள். பின்னேரம் என்று ஒன்று இல்லாமலே போனது. ஹீட்டரை முதல் தரம் போட்டபோது தூசி எரிகிற மணம் வீடெல்லாம் எழும்பியது. தெருவில் இலை அடைத்த பேப்பர் பைகள் வீட்டுக்கு வீடு நின்றன. பிறகு அவையும் போய், கார் விடுகிற இடங்களில் வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரங்கள் முளைத்தன. பனி தள்ளுகிற வண்டிக்கு எல்லை தெரிய வேண்டுமென்று பக்கத்து வீட்டுக் கிழவர் புல்லின் ஓரத்தில் செம்மஞ்சள் கம்புகளை அடித்தார், எனக்கும் சேர்த்து அடித்தார். நல்ல மனுஷன். நான் மெர்ஸி என்று நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தச் சுத்தியல் சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

மரத்தில் கடைசியாக ஒரு கைப்பிடி இலைகள்தான் மிஞ்சியிருந்தபோது டயர் மாற்றினேன். டயர்களை எடுத்தபிறகு தட்டில் அண்ணை பெயிண்ட் வாளியோடு தனிய இருந்தார். "இன்னும் கொஞ்ச நாள்தான் அண்ணை. பெடியன் வந்திடுவான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். வாயிலிருந்து புகை வந்தது. வீட்டோடு ஒட்டின கராஜுக்குள்ளேயே வாயில் புகை வருகிற அளவுக்குக் குளிர் வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை பெடியன் திரையில் ஒரு தடித்த கறுப்பு ஜக்கெட்டோடு வந்தான். சுவிஸிலிருந்து வந்த ஆரோ விட்டுவிட்டுப் போனதாம், கேட்டு வாங்கி வைத்திருக்கிறான். தொப்பியையும் இழுத்துப் போட்டுச் ஜிப்பைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். நெற்றியால் வேர்வை வழிந்தது.

"இது காணுமோ சித்தப்பா?"

"காணும், காணும். கழட்டடா, அவிஞ்சுபோவாய்."

மனைவி எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் சிரித்தான், அண்ணியின் சிரிப்பும் பின்னாலிருந்து கேட்டது. "காலமை தொடக்கம் உதைப் போட்டுக்கொண்டு நிக்கிறான் தம்பி, விசரன்" என்றார். அவர்கள் இரண்டு பேரும் சிரித்ததை நான் கேட்டது அதுதான் கடைசி.

நவம்பர் முடிகிற நேரம், சனிக்கிழமை இல்லாத ஒரு நாள், நான் வேலையில் நிற்க அவன் எடுத்தான். எடுத்த உடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

"தரேல்லை சித்தப்பா."

"என்னவாம்?"

"வந்தால் நான் திரும்பிப் போவன் எண்டு அவைக்கு நம்பிக்கை இல்லையாம்."

"அப்பாவின்ரை சாம்பலைக் கரைக்க வாறன் எண்டு வடிவா எழுதினனியோ?"

"எழுதினனான். மரணச் சான்றிதழும் வைச்சனான்."

நான் போனை வைத்துவிட்டுக் கார்த் தரிப்பிடத்துக்குப் போய் வாயில் வந்த தூஷணம் எல்லாம் சொல்லித் திட்டினேன். யாரைத் திட்டினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. திரும்பவும் போடலாம், போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன், ஒரு தரம் இல்லை என்றால் அடுத்த தரமும் அதே பதில்தான் திகதி மாறி வரும். தனியாள், கலியாணம் இல்லை, பெயர் சொல்ல ஒரு சொத்து இல்லை. அவன் திரும்பிப் போவான் என்று நான் வேண்டுமானால் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். என் சத்தியத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

அன்று இரவு அண்ணி எடுத்தார். அழவில்லை. "இனி வைச்சிருக்க வேண்டாம் தம்பி. அந்த மனிசன் உயிரோடையும் குளிருக்கைதான் கிடந்தது. செத்தும் அந்தக் கராஜுக்கை கிடக்க வேண்டாம். ஆறு இறுக முந்தி விட்டிடுங்கோ. பெடியன் போனிலை பாக்கட்டும்" என்றார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு காலை. முதல் நாள் இரவு காற்றே இல்லாமல் குளிர் இறங்கியிருந்தது. தமிழ்க் கடையில் வாங்கிய பொங்கல் மண்முட்டிக்குள் சாம்பலை மாற்றி, வெள்ளைத் துணியால் வாயைக் கட்டி, மேலே இரண்டு பூவை வைத்துக் காரில் கொண்டுபோனேன். ஆற்றடியில் ஒரு குஞ்சு காகம் இல்லை. கரையோரம் ஒரு பாய் அகலத்துக்கு வெள்ளையாக ஐஸ் பிடித்திருந்தது. அதற்கப்பால் ஆறு கறுப்பாக, மினுமினுவென்று, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. அப்பாடா, தண்ணீர் இருக்கிறது, பிந்தவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. முருகன் இந்த ஒன்றையாவது கேட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

முறை என்னவென்றால், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முதுகைக் காட்டி நின்று, முட்டியைத் தலைக்கு மேலாலே பின்னுக்கு விட வேண்டும். விட்டபிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிறவர் போகமாட்டார் என்பார்கள். இந்தக் குளிரில் இறங்க முடியாது. அதனால் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு நின்ற ஒரு கல்லில் ஏறி நின்றேன். மனைவி கரையில் நின்று போனைப் பிடித்தாள். திரைக்குள் பெடியன் குளித்து, வேட்டியோடு, வெறும் மேலோடு நின்றான். அங்கே விளக்கு வைக்கிற நேரம்.

"தெரியுதோ ராசா?"

"ஓம் சித்தப்பா. ஆறு பெருசா இருக்கு."

"அப்பாவைக் கும்பிட்டுக்கொள்."

அவன் கையைத் தலைக்கு மேலே கூப்பினான். நான் ஆற்றுக்கு முதுகைக் காட்டி, முட்டியைத் தூக்கி, போயிட்டு வாங்கோ அண்ணை என்று சொல்லி, பலங்கொண்ட மட்டும் பின்னுக்கு எறிந்தேன்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. சட்டி உடைகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. முறைப்படி, திரும்பாமல், கல்லிலிருந்து இறங்கி ரோட்டைப் பார்த்து நடந்தேன். மனைவி போனைப் பிடித்த கை பிடித்தபடி, வாயைத் திறந்துகொண்டு, என்னைத் தாண்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சித்தப்பா" என்றான் பெடியன். "சித்தப்பா, அப்பா போகேல்லை."

நான் நின்றேன்.

"முட்டி உடைஞ்சிட்டுது. அப்பா அதிலையே கிடக்கிறார். தண்ணிக்கு மேலை கிடக்கிறார், சித்தப்பா. ஏன் போகாராம்?"

போகிறவரே போகாதபோது நான் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? திரும்பினேன். நான் தண்ணீர் என்று நினைத்த அத்தனையும் ஒரே இரவில் பிடித்த ஐஸ். கண்ணாடி போல, அடியில் ஓடுகிற இருட்டெல்லாம் தெரிகிற ஐஸ். அதற்கு மேலே ஓட்டுத் துண்டுகளும், வெள்ளைத் துணியும், இரண்டு பூவும், நடுவில் சாம்பல் நிறத்தில் அண்ணையும் கிடந்தார். ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். அது உடைக்கவில்லை, குருவி கத்துகிற மாதிரிக் கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு வழுக்கிப் போய்விட்டது. பெரிய கல்லாக இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படித்தான். ஓரத்து ஐஸில் காலை வைத்தேன், வெடித்தது.

"ஐயோ, என்ன விசரோ உங்களுக்கு? வாங்கோ இஞ்சாலை!" என்று மனைவி வீரிட்டாள். "ஒருத்தர் போனது காணாதோ?"

அண்ணையைத் தாங்குகிற ஐஸ் என்னைத் தாங்காது. நான் கரைக்கு வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். பெடியன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உது எப்ப சித்தப்பா உருகும்?"

"சித்திரையிலை."

"அதுவரைக்கும் அப்பா அதிலையேதான் இருப்பாரோ?"

"ஓம்."

அவன் முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தான். பிறகு அவன் குரல் மாறியது.

"அப்ப சித்தப்பா, நான் திரும்ப விசாவுக்குப் போடட்டே? இன்னும் போகேல்லைத்தானே. சித்திரைக்கு முந்தி வந்தால் நானே என்ரை கையாலை விடலாம், என்ன?"

மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஓம் ராசா, போடு" என்றேன்.

அந்த நேரம் காற்று எழும்பியது. ஐஸின் மேலே சாம்பல் மெல்லிய கோடாக இழுபட்டு, கலைந்து, எதிர்க்கரைப் பக்கமாகப் போகத் தொடங்கியது. அவன் அதைக் காண முந்தி, போனை என் பக்கம் திருப்பச் சொல்லி மனைவிக்குக் கையைக் காட்டினேன்.